எல்லாவற்றுக்கும் ஒரே கைப்பிடி

பிப்ரவரி 3, திங்கள்

ஒரு வாரமாக நான் மாப்பிள்ளையின் பிரஷ்ஷில்தான் பல் தேய்த்திருக்கிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. இரண்டும் நீலம். நான் பெட்டியோடு இந்த வீட்டில் வந்து இறங்கிய அன்றைக்கே தங்கச்சி என்னுடையதை மேல் தட்டில் வைத்தாளாம், எனக்குச் சொல்லவும் சொன்னாளாம். நான் எந்தக் காலத்தில் எதைக் காதில் போட்டுக்கொண்டேன்.

தினமும் காலையில் நான் பல் தேய்க்கும்போது மாப்பிள்ளை கட்டிலில் இருந்தபடி இடது கையை நீட்டி "அது... அது..." என்பார். தண்ணீர் கொடுப்பேன். தலையை ஆட்டுவார். ஜன்னலைத் திறப்பேன். ரேடியோ போடுவேன். தலையணையைத் திருப்பிப் போடுவேன். கடைசியில் களைத்துப்போய் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். பிறகு அதே பிரஷ்ஷைக் கழுவி அவருக்கும் தேய்த்துவிடுவேன்.

இன்றைக்குத் தங்கச்சி பார்த்துவிட்டாள். "அண்ணே, அது அவரோடது" என்றாள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். அப்பாடா என்றா, அட மடையா என்றா, தெரியவில்லை.

இந்த டைரி வேன் ட்ரிப் எழுத வாங்கியது. கட்டில், பீரோ, சோபா ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. மாப்பிள்ளைக்கு மூளையில் ரத்தம் அடைத்து வலது பக்கமும் பேச்சும் போனதிலிருந்து நான் மதியத்துக்கு மேல்தான் வண்டி எடுக்கிறேன். காலையில் தங்கச்சி ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்குப் போக வேண்டும். கல்யாணம் காட்சி இல்லாத நான் ஒருத்தன்தான் சும்மா இருக்கிறேன் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். ட்ரிப் குறைந்து பக்கம் மிஞ்சுகிறது. அஞ்சாவதோடு நின்றவன் எழுத்து, யார் படிக்கப்போகிறார்கள்.

பிப்ரவரி 5, புதன்

பேச்சு சொல்லித்தரும் டீச்சர் வந்தார். அட்டை அட்டையாகப் படம். கப், சீப்பு, கடிகாரம், நாற்காலி. சீப்பு எது என்று கேட்டால் மாப்பிள்ளை சரியாகத் தொடுகிறார். இது என்ன என்று கேட்டால் மட்டும் "அது". கப்பும் அது, கடிகாரமும் அது, நாற்காலியும் அது. உள்ளே சாமான் எல்லாம் அப்படியே இருக்கிறதாம், எடுத்துக் கொடுக்கிற வழிதான் அடைத்திருக்கிறதாம்.

என் வாய் சும்மா இருக்குமா? சொல்லிவிட்டேன்.

"என்ன மாப்ள, எல்லாத்துக்கும் ஒரே பிடி போதும்னு இத்தனை வருஷம் சண்டை போட்டீங்க. இப்ப கிடைச்சிருச்சு பாத்தீங்களா."

டீச்சருக்குப் புரியவில்லை. தங்கச்சிக்குப் புரிந்தது. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் திருப்பி அடிக்கிறவர்.

என்ன சொல்லிவிட்டேன் என்று எழுதிப் பார்க்கிறேன். மெஷினுக்குள் எல்லா புரோகிராமுக்கும் அடியில் ஒன்று ஓடுகிறதாம், கெர்னல் என்று பெயர். மாப்பிள்ளையின் கம்பெனி அதைத்தான் செய்கிறது, பேக்கரி அடுப்பு, துணி மெஷின் மாதிரி பெரிய சாமான்களுக்கு. அதற்குள் ஃபைல் உண்டு, ஓடுகிற வேலை உண்டு, அலாரம் உண்டு, இன்னொரு மெஷினோடு பேசுகிற லைன் உண்டு. மாப்பிள்ளையின் கட்சி என்னவென்றால், எதுவானால் என்ன, எல்லாம் ஒரே ஜாதிப் பொருள், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கைப்பிடி வை. பிடி, காத்திரு, அடுத்தவனிடம் கொடு, விடு. பிடித்திருக்கிற கடைசிக் கை விட்டதும் பொருள் தானே போய்விடும். ஒரே சட்டம், தீர்ந்தது வேலை. எதிர்க்கட்சி அவரோடு வேலை செய்கிற அம்மா. அலாரமும் ஃபைலும் ஒன்றா, ஒவ்வொன்றுக்கும் அதனதன் வழி இருக்கட்டும், யார் எதைத் தொடலாம் என்று பார்க்கிற வாசல் மட்டும் பொதுவாக இருந்தால் போதும் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போனில் சண்டை நடக்கும். சோறு ஆறிக் காய்ந்துபோகும். நான்தான் அந்த அம்மாவுக்குச் சண்டைக்காரம்மா என்று பெயர் வைத்தேன். "என் வேன்ல சோபாவுக்கும் கண்ணாடி பீரோவுக்கும் ஒரே கைப்பிடி போட்டுக் குடுங்க மாப்ள, கூலி ஆள் மிச்சம்" என்பேன். "உங்களுக்கும் ஒண்ணு போட்டுத் தூக்கிட்டுப் போய்க் கடையில விட்டுட்டு வந்துடுவேன் மச்சான், அவன் திருப்பி வாங்கமாட்டானேன்னுதான் பாக்கறேன்" என்பார்.

பிப்ரவரி 6, வியாழன்

தங்கச்சி சாப்பாடு போட்டாள். பேசவில்லை.

பிப்ரவரி 12, புதன்

ஒரு டெலிவரி. மூணாம் மாடி, சோபா, படிக்கட்டு ஒடுக்கம். வீட்டுக்காரரைக் கிண்டல் பண்ணி, கூட வந்த ஆளைக் கிண்டல் பண்ணி, சோபாவையும் கிண்டல் பண்ணி ஒருவழியாக ஏற்றினேன். எல்லோரும் சிரித்தார்கள். என் வாய் தானாக ஓடுகிறது. இன்ஜினை அணைத்த பிறகும் இறக்கத்தில் வண்டி கொஞ்ச தூரம் உருளுமே, அந்த மாதிரி.

சாப்பாடு உப்பா சப்பா தெரியவில்லை. அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை என்ற கவலையும் வரவில்லை. தங்கச்சி கேட்டாள், "உனக்கு ஒண்ணுமே இல்லையா அண்ணே?" இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை.

பிப்ரவரி 15, சனி

சண்டைக்காரம்மா வந்தார்.

போன் குரலை வைத்து ஆள் பீரோ கனத்துக்கு இருப்பார் என்று நினைத்திருந்தேன். என் தோளுக்குக்கூட வரமாட்டார். தோளில் மட்டும் அவரைவிடப் பெரிய பை. மாப்பிள்ளையின் கட்டில் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சார், சார் என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளை இடது கையைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான்.

சமையலறையில் வைத்துத்தான் விஷயம் சொன்னார். மாப்பிள்ளை ஒரே கைப்பிடிக் கதையைப் பாதி கட்டி வைத்திருக்கிறார். மீதி அவர் தலைக்குள் இருக்கிறது. அடுத்த பதிப்பு வெளியே போக வேண்டும், மார்ச் கடைசிக்குள் வைப்பதா எடுப்பதா என்று மேனேஜர் கேட்கிறார். இதற்கு நடுவில் சோதனை அறையில் ஒரு அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டதாம். ரொட்டி சுடுகிற வேலை முடிந்துபோயிருக்கிறது. அந்த வேலைக்காக வைத்த அலாரம் மட்டும் போகவில்லை, ஏனென்றால் அடுப்பு முகப்பில் நேரம் காட்டுகிற திரை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடித்த கை விடாதவரை பொருள் சாகாது, அதுதானே மாப்பிள்ளையின் சட்டம். செத்துப்போன வேலையின் பேரில் அலாரம் அடித்து, அடுப்பு பற்றி, உள்ளே ரொட்டியும் இல்லாமல் வெறும் தட்டு சிவந்திருக்கிறது.

தங்கச்சி அடுப்பு, ரொட்டி எதையும் காதில் வாங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள்.

"அவர் செஞ்சதை எடுத்துடாதீங்கம்மா. எடுத்துட்டா அவர் எதுக்குத் திரும்பி வரணும்? அங்க அவருக்குன்னு என்ன இருக்கும்?"

"நானா எடுக்கமாட்டேன் அக்கா" என்றார் சண்டைக்காரம்மா. "ஆறு வருஷமா அவர்கிட்ட தோத்து தோத்துச் சண்டை போட்டேன். அவர் வாயைத் திறக்க முடியாத நேரத்துல ஜெயிச்சேன்னு இருக்க வேண்டாம். எடுக்கறதோ வைக்கறதோ அவரே சொல்லட்டும்."

எப்படிச் சொல்வார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

அடுப்பு பற்றிய கதையை மாப்பிள்ளைக்குச் சொன்னேன். கேட்டார். பிறகு "அது" என்றார். பிரஷ், ஜன்னல், தண்ணீர் எல்லாம் காட்டினேன். அதெல்லாம் இல்லை.

பிப்ரவரி 22, சனி

சண்டைக்காரம்மா லேப்டாப்போடு வந்தார். மாப்பிள்ளை பார்க்கமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா விடவில்லை, அவர் பின்மண்டையோடு வாதம் செய்தார். திரை அலாரத்தைப் பிடித்திருந்தது திரையின் தப்பா, சட்டத்தின் தப்பா என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். பதிலுக்குக் காத்திருப்பார். அப்புறம் மாப்பிள்ளை என்ன சொல்லியிருப்பார் என்று அவரே சொல்வார்: உயிரோடு வைக்கிற பிடி ஒன்று, சும்மா எட்டிப் பார்க்கிற பிடி ஒன்று, திரைக்கு இரண்டாவதைக் கொடுத்திருக்க வேண்டும், சட்டத்தைக் குறை சொல்லாதே. அதற்கு இவர் பதில். அதற்கு அவர் பதில். இரண்டு பக்கமும் இவரே.

மாப்பிள்ளையின் முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அழுதாரா, தூங்கினாரா, நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

படியில் இறங்கும்போது, "எதிர்ல ஆள் இல்லாம சீட்டாடற மாதிரி இருக்குண்ணா" என்றார். எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்தேன். வீடு வரை கொண்டுவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

சாப்பிடும்போது தங்கச்சி சொன்னாள், "ஏன் அண்ணே கிண்டலே பண்ணமாட்டேங்கற? வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. நான் அங்க இருந்துதானே வரேன்."

அன்றைக்குச் சொன்னதற்கு மூஞ்சியைத் தூக்கிவைத்தவள். நல்ல நீதி. ஆனால் பண்ண வரவில்லை. மாப்பிள்ளையை ஒன்று சொன்னால் திரும்பி ஒன்று வரும் என்று உடம்பு தயாராகக் காத்திருக்கிறது. வராது. அந்த இடம் அப்படியே காலியாக நிற்கிறது. படி முடிந்தது தெரியாமல் இல்லாத படியில் காலை வைக்கிற மாதிரி.

மார்ச் 1, சனி

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சண்டைக்காரம்மா இந்தத் தடவை வாதமே செய்யவில்லை. கட்டில் மேலேயே ஏறி உட்கார்ந்து, லேப்டாப்பை மாப்பிள்ளை மடியில் பாதி, தன் மடியில் பாதி என்று வைத்துக்கொண்டு, "சரி சார், நீங்க பாக்கவேண்டாம். நான் எடுக்கறேன்" என்று ஆரம்பித்தார். பத்து வரியோ இருபது வரியோ நீலமாகக் குறித்து அழித்தார்.

மாப்பிள்ளை வெடுக்கென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது!"

அந்த அம்மா திரையைப் பார்த்தார். தப்பான இடத்தை அழித்திருந்தார். யார் எதைத் தொடலாம் என்று பார்க்கிற வாசலையே பெயர்த்துவிட்டார். அவரே பொதுவாக இருக்க வேண்டும் என்று சொன்ன ஒரே பகுதி. ஐயோ என்று திரும்பப் போட்டார்.

மாப்பிள்ளை அதோடு விடவில்லை. அந்த அம்மா கையைத் தள்ளிவிட்டு இடது கை ஆள்காட்டி விரலால் தானே தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு, ஒரு மூச்சு. மேலே போனார், கீழே வந்தார். அலாரம் இருந்த இடத்தைக் குறித்து அழித்தார். ஓடுகிற வேலை இருந்த இடத்தை அழித்தார். தான் கட்டினதை, தன் கையால். அப்புறம் ஃபைலும் லைனும் இருந்த இடத்துக்கு விரல் போனது.

"சார், அது வேண்டாம்" என்றார் அந்த அம்மா. "அது ரெண்டும் ஒரே பிடியில நல்லாத்தான் இருக்கு."

அழித்தார். அந்த அம்மா திரும்பப் போட்டார்.

"அது" என்றார் மாப்பிள்ளை.

"இல்ல சார். இருக்கட்டும்."

மறுபடி அழித்தார். மறுபடி போட்டார். "நானே மூணு வருஷமா அதைத்தான் உபயோகிக்கறேன், உங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மா. மாப்பிள்ளை அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத் தமிழில் வார்த்தை உண்டு, எழுதினால் நன்றாக இருக்காது. "அது! அது!" என்று கட்டில் சட்டத்தில் தட்டினார். அவர் எடுக்கச் சொல்கிறார், இவர் வைக்கச் சொல்கிறார். கட்சி இரண்டும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டு, சத்தம் மட்டும் பழைய சத்தம்.

தங்கச்சி ஈரக் கையோடு வாசற்படியில் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை மாதிரி இருக்கு அண்ணே" என்றாள். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் போய் டீ போட்டேன். மூன்று பேருக்கும் கொடுத்தேன். எனக்குப் போட மறந்துவிட்டேன் என்பது கப் எல்லாம் கழுவி வைத்தபிறகுதான் தெரிந்தது.

மார்ச் 2, ஞாயிறு

எதற்கு அழித்தார்? அடுப்பு பற்றிக்கொண்டதற்கா? இல்லை இத்தனை நாள் பிரஷ்ஷுக்கும் அது, ஜன்னலுக்கும் அது, ஒண்ணுக்குப் போகவும் அது என்று கிடந்ததற்கா? அதை வாங்கிக்கொண்டு முழிக்கிறவன் பாடு எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர் பாடு அவருக்குத்தான் தெரியும்.

கேட்டேன். கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். கொஞ்சம் அது, கொஞ்சம் இது என்று எடுத்துக்கொண்டேன்.

தங்கச்சி காலையிலிருந்து பயந்துகொண்டிருக்கிறாள். எது இருந்தால் அவரைக் கூப்பிடுவார்கள் என்று நம்பினாளோ அதை அவரே பாதி பிடுங்கிப் போட்டுவிட்டார். "இனிமே அங்க அவருக்கு என்ன அண்ணே இருக்கு?" என்கிறாள். சண்டை இருக்கிறது என்று சொன்னேன். கிண்டலாகச் சொல்லவில்லை, ஆனால் என் மூஞ்சிக்கு எல்லாமே கிண்டல்தான்.

மார்ச் 10, திங்கள்

மாப்பிள்ளை கப் என்று சொன்னார். கடிகாரத்துக்கும் கப் என்றார். டீச்சர் முன்னேற்றம்தான் என்கிறார்.

மார்ச் 19, புதன்

ஒரு பீரோ, இரண்டு நாற்காலி. மழை. தார்ப்பாய் போட்டேன்.

மார்ச் 31, திங்கள்

கம்பெனியில் முடிவு பண்ணிவிட்டார்கள். சண்டைக்காரம்மா போன் செய்து தங்கச்சியிடம் சொன்னார், தங்கச்சி எனக்குச் சொன்னாள், நான் புரிந்துகொண்ட மட்டும் எழுதுகிறேன். ஃபைலுக்கும் லைனுக்கும் ஒரே கைப்பிடி. அலாரத்துக்கும் ஓடுகிற வேலைக்கும் அதனதன் வழி. வேலை செத்தால் அதன் அலாரமும் கூடவே போகும், யார் பிடித்திருந்தாலும் சரி. வாசல் எல்லாவற்றுக்கும் பொது. இரண்டு கட்சிக்கும் முழுத் திருப்தி இல்லை. அடுப்பை நாலு நாள் ஓட்டிப் பார்த்தார்களாம், தானாகப் பற்றவில்லை.

மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சியும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள். வெங்காயம் வேண்டிய சமையலே இன்றைக்கு இல்லை.

ஏப்ரல் 5, சனி

சண்டைக்காரம்மா வந்தார். முடிந்த விஷயத்துக்கே மறுபடி சண்டை. மாப்பிள்ளை இல்லை என்று ஒரு வார்த்தை கற்றுக்கொண்டிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு மதியம் வரை ஓட்டினார்.

ஏப்ரல் 16, புதன்

மேனேஜர் வீட்டுக்கே வந்தார். டை கட்டி, பழம் வாங்கிக்கொண்டு. நான் பழத்தை வாங்கி வைத்துவிட்டு, இது விடைகொடுக்கிற பழம் என்று நினைத்தேன். தங்கச்சியும் அப்படித்தான் நினைத்திருப்பாள், நாற்காலியில் உட்காரவே இல்லை.

சண்டைக்காரம்மா எழுதுகிற எதையும் மாப்பிள்ளை பார்த்து, தப்பான இடத்தில் இல்லை என்று சொல்லி முடிக்காமல் வெளியே விட முடியாது என்று ஆகிவிட்டதாம். அந்த அம்மாதான் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டாராம், சார் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று. வாரத்தில் மூன்று காலை ஆபீசுக்கு வந்தால் போதுமாம். சம்பளம் பாதி. இடது கைக்கு ஏற்ற மாதிரி மேஜை.

தங்கச்சி மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை மேனேஜரைப் பார்த்தார்.

"கப்" என்றார்.

தங்கச்சி, "டீ வேணுமான்னு உங்களைக் கேக்கறார் சார்" என்றாள். மேனேஜர் வேண்டும் என்றார்.

மே 12, திங்கள்

மாப்பிள்ளையை ஆபீசில் விட்டேன். இரண்டாவது வாரம். தடியோடு தானே நடக்கிறார், நான் பக்கத்தில் சும்மா வருகிறேன். பெயர்கள் இப்போது ஒன்றிரண்டு வருகின்றன. கதவு, தடி, மச்சான்.

அந்தக் கட்டடத்தில் வாசலுக்கு இரண்டு கண்ணாடிக் கதவு, நடுவில் இரண்டு பேர் நெருங்கி நிற்கிற இடம். வெளிக்கதவு மூடினால்தான் உள்கதவு திறக்கும், இரண்டுக்கும் கார்டு வேண்டும். கார்டு மாப்பிள்ளையின் கழுத்தில் தொங்குகிறது. அவரை உள்ளே டீ மேஜையில் சண்டைக்காரம்மாவுக்கு எதிரில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினேன். யாரோ வெளியே போனார், அவர் பின்னாலேயே நானும் நுழைந்தேன். உள்கதவு எனக்குப் பின்னால் மூடிக்கொண்டது. வெளிக்கதவு எனக்கு முன்னால் மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன். அவரும் கையை ஆட்டினார். பிறகு டீயை எடுத்துக் குடித்தார். சண்டைக்காரம்மா கதவைத் திறக்க எழுந்தார், மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிஸ்கட்டை டீயில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். இன்னொன்று எடுத்தார். அதையும் தொட்டுச் சாப்பிட்டார். வாயைத் துடைத்தார். தடியை எடுத்தார், வந்தார், கார்டை வைத்தார்.

மதியம் ஒரு சோபா ஏற்றப் போனேன், கடைக்காரன் வண்டியெடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டிருந்தான். சோபா நாளைக்குத்தான்.